கோட்டுக்காரன் செத்த பதினாறு பக்கம்

பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த தங்கப் பதக்கம் இப்போதும் பீரோவில் கிடக்கிறது. தங்கம் என்பது பேச்சுக்குத்தான், முலாம் போய்ப் பல வருடமாகிவிட்டது. அதை வாங்கிய கையால் நான் பார்த்த உத்தியோகம், பேய்க் கதைப் படப் புத்தகத்தில் பலூனுக்குள் தமிழ் எழுதுவது. ஆட்களின் வாய்க்குப் பக்கத்தில் ஊதிக்கொண்டு நிற்குமே, அந்தப் பலூன். "யார் அங்கே?", "ஐயோ, அந்தக் கண்கள்", "சவப்பெட்டி திறக்கிறது". இந்த மூன்றும் கைவசம் இருந்தால் எந்தப் பாகத்தையும் எழுதிவிடலாம். எம்.ஏ. வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பே அதிகம்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கடைத் திறப்பு நோட்டீஸ் என்று நிம்மதியாக அடித்துக்கொண்டிருந்த முதலாளிக்கு யார் மூலமாகவோ பம்பாயில் ஒரு ஏஜெண்ட் பழக்கமானான். அவன் வெளிநாட்டுப் படக்கதைத் தாள்களைப் பார்சலில் அனுப்புவான். இங்கே இங்கிலீஷ் எழுத்தை வெள்ளை மை பூசி அழித்துவிட்டு, அந்த இடத்தில் தமிழை எழுதி, துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து அடித்து, பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவோம். முதலாளி இதை இலக்கியப் பணி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்தவரில்லை. கேட்டால், "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திம்பானாய்யா?" என்பார். அதை ஒரு பெரிய ஞானம் போலச் சொல்லிவிட்டுச் சுற்றி உள்ளவர்கள் சிரிக்கிறார்களா என்று வேறு பார்ப்பார்.

கதாநாயகன் ஒரு கறுப்புக் கோட்டுக்காரன். கோடையிலும் அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டான். பாழடைந்த மாளிகை, மூடிய சுரங்கம், பனி மூடிய மலை என்று எங்கெல்லாம் பேய் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து, பாறையில் தொங்கி, கடைசியில் வெள்ளிக் குண்டு போட்ட துப்பாக்கியால் பேயைச் சுட்டுவிடுவான். பேயைத் துப்பாக்கியால் சுடலாம் என்பதே எனக்கு அதைப் படித்துத்தான் தெரியும். நம் பக்கத்துப் பேய்கள் புளியமரத்தில் உட்கார்ந்து சுருட்டும் சாராயமும் கேட்கிற ஜாதி. அவற்றைச் சுட்டால் சுட்டவனைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இந்தக் கழிசடையின் முதல் பாகம் பொரிகடலை மாதிரி விற்றது. படித்தவன், படிக்காதவன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் எல்லாரும் வாங்கினார்கள். உசிலம்பட்டியிலிருந்து கடிதம் கட்டுக் கட்டாக வந்தது. சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவன்கூட அடுத்த பாகம் எப்போது என்று கார்டு போட்டான். கோட்டுக்காரன் என்றுதான் எல்லாரும் அவனைச் சொன்னார்கள். அவனுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது, அது யார் வாயிலும் நுழையவில்லை.

எனக்கு வேண்டியது வேறு. ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, பஸ் போகிற சாலையில் ஒரு கல்லூரி. அங்கே தமிழ் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்றும், தை மாதம் இன்டர்வியூ என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் சோறு தின்றேன், தூங்கினேன். நான் பலூன் எழுதுகிறவன் என்று கல்லூரிக்காரர்களுக்குத் தெரிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். கோயில் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவிடம், பஞ்சாங்கத்துக்கு புரூஃப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். புத்தகத்தில் என் பெயர் வரக் கூடாது என்று முதல் நாளே முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் உடனே சரி என்றார். பெயர் போடாமல் இருக்க மையும் செலவாகாதே.

ஆனால் அவர் ஒன்றில் என்னைச் சிக்க வைத்திருந்தார். முந்தின வருட ஆயுத பூஜையில், பொட்டு வைத்த மிஷினுக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, "இந்தத் தொடர் முடியிற வரைக்கும் நீதான்யா எழுதணும், கையில அடி" என்றார். பொரியும் வாழைப்பழமும் தின்ற வாயோடு நானும் அடித்துக் கொடுத்தேன். அப்பா அதைக் கேள்விப்பட்டால், அடித்துக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்பார். எனக்கும் மீறத் தைரியமில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

கல்லூரிப் பதவிக்கு என்னை எடுக்க வேண்டியவர் அங்கே தமிழ்த் துறைத் தலைவர். பழைய ஓலைச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர். அவர் பதிப்புகளைத்தான் நாங்கள் எம்.ஏ.யில் பாடமாகப் படித்தோம். பிற்காலத்தில் எவனாவது பழைய நூலுக்குள் சொந்தப் பாட்டைச் சொருகியிருந்தால் மோந்து பார்த்துக் கண்டுபிடித்து, இடைச்செருகல் என்று சொல்லித் தூக்கி எறிந்துவிடுவார். சுவடி செல்லரித்துப் போன இடத்தில் அவராக ஒரு எழுத்தும் சேர்க்க மாட்டார். "இதன்பின் ஏடு கிடைக்கவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிறுத்திவிடுவார். ஹாஸ்டலில் சாம்பார் தீர்ந்துபோனால் நாங்கள் வாளியைக் கவிழ்த்துக் காட்டி, "இதன்பின் ஏடு கிடைக்கவில்லை" என்போம். மேதைகளை அப்படித்தான் நாங்கள் கௌரவித்தோம்.

இரண்டாம் பாகத்துக்கான பார்சல் ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தது. தபால் ஆபீசில் ஒழுகியதோ ரயிலில் ஒழுகியதோ, பிரித்தபோது கடைசிப் பதினாறு தாளும் ஒன்றோடொன்று ஒட்டி இட்லித் துணி போல ஊறிக் கிடந்தது. முதலாளி அவற்றை இட்லி போலவே ஆவியில் காட்டிப் பிரிக்கச் சொன்னார். கெட்டிலை வைத்து ஆவி காட்டினோம். படம் மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. மிச்சமிருந்ததில் கோட்டுக்காரனின் ஒரு பூட்சும், ஒரு வௌவாலும் மட்டும் தெரிந்தன.

பம்பாய்க்கு எழுதி மறுபடி வரவழைக்கலாம். ஆனால் பொங்கலுக்கு வெளியீடு என்று முதல் பாகத்தின் அட்டையில் அச்சடித்துத் தொலைத்திருந்தோம்.

"நீ எம்.ஏ.தானய்யா" என்றார் முதலாளி. "பதினாறு பக்கம் எழுத மாட்டியா? நீயா ஒரு முடிவு வச்சுத் தா. படத்த நம்ம போர்டு எழுதுறவரு போட்டுருவாரு."

முடிவு வச்சுத் தா. அந்த வார்த்தை என் காதில் வேறு மாதிரி விழுந்தது. தொடர் முடிந்தால் என் வாக்கும் முடிந்தது. அதோடு அந்தக் கோட்டுக்காரனை எனக்குக் கண்டாலே ஆகாது. அவனை வாங்கிப் படிக்கிற ஜனத்தையும் ஆகாது. அவர்களுக்கு ஒரு அறை கொடுத்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து, முதல் கட்டத்திலேயே அவன் துப்பாக்கியைக் கிணற்றில் விழவைத்து, நாலாவது பக்கத்தில் பேயின் கையால் அவனைக் கொன்று, மிச்சப் பன்னிரண்டு பக்கத்தையும் இழவு வீடாக்கினேன். எழுதி முடித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அற்பன் நான்.

படம் போட்ட அண்ணன் அவனியாபுரத்துக்காரர். ஒர்க் ஷாப்புகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். சுவரில் ஸ்பேனரும் டயரும் தத்ரூபமாக வரைவார். மனித முகம் என்றால் பழைய பக்கத்தில் இருக்கிற முகத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துத் தேய்ப்பார். அதனால் இரண்டாம் பாகத்தில் கோட்டுக்காரன், முதல் பாகத்தில் காபி குடித்தபோது சிரித்த அதே சிரிப்போடு செத்துக் கிடந்தான். அதைவிட மோசம், அவர் பார்த்த சாவெல்லாம் அவனியாபுரத்துச் சாவு. பிணத்தின் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிவிட்டார். பூட்ஸைக் கழற்றிக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார். தலைமாட்டில் ஒரு விளக்கும் எரிந்தது. அதற்கப்புறம் சிலுவை நட்ட கல்லறை.

"என்னண்ணே, வெள்ளைக்காரனுக்குக் கால்கட்டா?" என்றேன்.

"பொணம்னா கட்டணும்ல மாப்ள" என்றார் அவர். "கட்டாட்டி தூங்குறான்னு நெனச்சுக்குருவாய்ங்க."

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். திருத்தச் சொல்லியிருக்கலாம். இந்த ஜனத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த தடங்கல் மிஷின்மேன். எங்கள் அச்சகத்தில் இரண்டு மிஷின். கூடத்தில் பெரிய சிலிண்டர் மிஷின், அதில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் ஓடும். பின்கட்டில் காலால் மிதிக்கிற சின்ன ட்ரெடில், அதில் கண்ணீர் அஞ்சலியும் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையும் மட்டும் ஓடும். அந்த மிஷினுக்குத் தனி மை, தனித் துணி. அதில் வேலை செய்தவன் கையைக் கழுவாமல் கூடத்துக்கு வரக் கூடாது. தை பிறக்கப் போகிற நேரம், பெரிய மிஷினில் முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசையில் காத்திருந்தன. கடைசிப் பக்கங்களின் பிளாக்கைக் கையில் எடுத்துப் பார்த்த மிஷின்மேன் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஓடுற மிஷின்ல நான் கல்லறைய ஏத்த மாட்டேன் தம்பி. அதுலயும் நெத்திக் காசு வேற வச்சிருக்கீக."

"இது கதைண்ணே. பொய்."

"கால்கட்டு பொய்யா?"

முதலாளியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். படிக்காத முதலாளிக்குச் சகுனத்தில் மட்டும் டாக்டர் பட்டம். ஆகவே கடைசிப் பதினாறு பக்கமும் பின்கட்டு ட்ரெடிலில், நாலு நாலு பக்கமாக, கண்ணீர் அஞ்சலிக்கு வாங்கி வைத்திருந்த பழுப்புத் தாளில் ஓடின. அவற்றைத் தனியாக மடித்துப் புத்தகத்தின் கடைசியில் வைத்துத் தைத்தார்கள். புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே கோட்டுக்காரன் எங்கே சாகப் போகிறான் என்று தெரிந்துவிடும். செத்தது யார், ஏன் செத்தான் என்று முதலாளி அப்போதும் படித்துப் பார்க்கவில்லை.

பொங்கலுக்குப் புத்தகம் வந்தது. நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். படக்கதை நாயகன் செத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், அடுத்த பாகத்தில் ஆற்றில் மிதந்து வந்து கண் விழிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும், அடுத்த பாகமே வராதபோதுதான் உறைக்கும், அதற்குள் நான் கல்லூரியில் இருப்பேன். எல்லாம் சரிதான். ஆனால் கால்கட்டை நான் மறந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேர் அந்தப் பழுப்புப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒருவர் கண்டக்டர்.

"ஏமாத்துறாய்ங்கண்ணே, அடுத்ததுல வந்துருவாரு" என்றான் மற்றவன்.

கண்டக்டர் படத்தின் மேல் விரலை வைத்தார். "பெருவிரலக் கட்டியாச்சுடா. நெத்தியில காசு வச்சாச்சு. இனி எங்கிட்டு வர்றது? முடிஞ்சுபோச்சு, அம்புட்டுத்தான்."

இருவரும் டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றுமில்லாத ஒருவனுக்காக டீயை ஆற விடுகிற மடையர்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் நான் இன்டர்வியூவுக்குப் படிப்பதற்காக லீவு போட்டிருந்தேன். அப்போது உசிலம்பட்டியிலிருந்து ஏழெட்டுப் பேர் அச்சகத்துக்கு வந்திருக்கிறார்கள். கோட்டுக்காரன் வாசகர் மன்றமாம். அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டுமாம். மதுரை ஜில்லாவில் நாய் குட்டி போட்டாலும் போஸ்டர் ஒட்டுவார்கள், இதற்கு ஒட்டாமல் இருப்பார்களா? முதலாளிக்கு அப்போதுதான் தன் புத்தகத்தில் நாயகன் செத்த செய்தியே தெரிந்ததாம். அவர் வருத்தப்பட்டாரா என்று பின்னால் கேட்டேன். வந்த ஆர்டரை மறுக்கவில்லை என்றார்கள். எழுதினது யாரு என்று மன்றத்தார் கேட்க, மிஷின்மேன் என் பெயரை, இனிஷியலோடு, பட்டத்தோடு, பதக்கத்தோடு சொல்லியிருக்கிறார். மனுஷன் அதைப் பெருமை என்று நினைத்துத்தான் சொன்னார்.

இன்டர்வியூ நாள் காலை. கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். காம்பவுண்டுச் சுவர் முழுக்கக் கோட்டுக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். காபி குடித்த அதே சிரிப்பு. மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, "எங்கள் அண்ணனை ஈவு இரக்கமின்றிக் கொன்ற" என்று தொடங்கி, என் பெயர், எம்.ஏ., தங்கப் பதக்கம், "அவர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம்". கல்லூரிச் சுவரை அவர்கள் எனக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. உசிலம்பட்டி பஸ் போகிற வழியில் நீளமான சுவர் அது ஒன்றுதான்.

நான் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்ததையாவது கிழித்துவிடலாம் என்று கை வைத்தேன். மைதாப் பசை இன்னும் காயவில்லை. போஸ்டர் வரவில்லை, பசைதான் முழங்கை வரை வந்தது. வாட்ச்மேன் சத்தம் போட்டான். வெள்ளைச் சட்டையெல்லாம் கொழகொழவென்று, கையில் சான்றிதழ்ப் பையோடு, திருட்டு முழி முழித்துக்கொண்டு நான் உள்ளே போனேன். தமிழ் விரிவுரையாளர் கோலம் அது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், கதர் ஜிப்பா, மூக்கின் நுனியில் கண்ணாடி. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பசையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் கிழியாமல் நகத்தால் எடுத்தார், சுவடி பிரிப்பது போல.

"கையறுநிலைன்னா என்ன தம்பி?"

தெரிந்த கேள்வி. தலைவன் இறந்தபின் அவனை இழந்தவர்கள் செயலற்று நின்று பாடுவது என்று ஆரம்பித்து, உதாரணத்தோடு ஐந்து நிமிடம் பொழிந்தேன். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வாசல்ல போஸ்டர் பாத்தேன். அதுல இருக்கிறது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"அவரு செத்தது நெசந்தானா?"

அவரு என்றார். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இந்த இடத்தில் நானும் அவர்களில் ஒருவன் என்று காட்டிவிட்டால் பிழைத்தேன் என்று தோன்றியது. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஐயா, அது வெறும் குப்பை. வயிற்றுப் பிழைப்புக்குச் செய்தேன். மூளை உள்ளவன் எவனும் அதைத் தொட மாட்டான். கடைசிப் பக்கங்கள் மூலத்தில் கிடைக்கவில்லை, நானே எழுதி முடித்துவிட்டேன். ஒரேயடியாகத் தொலையட்டும் என்றுதான் கொன்றேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அதைப் படிக்கிற ஆட்கள் அடுத்த மாதம் வேறு குப்பை படிப்பார்கள்."

"மூலத்துல கிடைக்கல" என்றார் அவர்.

"ஆமாம் ஐயா."

"நீங்களே எழுதிட்டீங்க."

"ஆமாம் ஐயா."

அவர் சான்றிதழ்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தில் கோபமில்லை. வேறு ஏதோ இருந்தது, அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. "சரி, போய்ட்டு வாங்க" என்றார்.

அந்த இடம், வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் பேப்பரை எட்டிப் பார்த்தே தேறிய ஒருவனுக்குப் போயிற்று. நான் போஸ்டரைத்தான் திட்டினேன். உசிலம்பட்டியை, மைதாவை, மிஷின்மேனை, அவனியாபுரத்து அண்ணனின் நெற்றிக் காசை, எல்லாவற்றையும் திட்டினேன். இன்டர்வியூ அறையில் நான் பேசிய பேச்சை மட்டும் திட்டவில்லை. அது நன்றாக அமைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்துக்குத் திரும்பினால் முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். கோட்டுக்காரன் செத்த செய்தியால் இரண்டாம் பாகம் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

"மூணாம் பாகம் எப்ப தர்ற?" என்றார்.

"அவன்தான் செத்துட்டானே."

"பேய்க் கததானய்யா இது? செத்தா என்ன, பேயா வரட்டும்."

எம்.ஏ. படித்த மூளைக்கு அது எட்டவே இல்லை. வேறு எந்தக் கதையிலும் ஆளைக் கொன்றால் கதை முடியும். பேய்க் கதையில் ஆளைக் கொன்று விடுதலை வாங்கப் பார்த்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொடர் முடியவில்லை. ஆகவே மிஷின் முன்னால் நான் அடித்துக் கொடுத்த வாக்கும் முடியவில்லை.

"விரலக் கட்டியிருக்கே, எப்படி நடப்பாரு?" என்று ஓவிய அண்ணன் கவலைப்பட்டார்.

"பறக்கட்டும்" என்றார் முதலாளி.

இதன் பலனை ஏழு வருடம் அனுபவித்தோம். பம்பாயிலிருந்து வந்த தாள்களில் கோட்டுக்காரன் உயிரோடுதான் இருந்தான், வெள்ளைக்காரன் அவனைக் கொல்லவில்லையே. எங்கள் ஊரில் மட்டும் செத்தவன். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் அவன் முழங்காலுக்குக் கீழே வெள்ளை மை பூசிக் காலை அழித்தோம். அவன் ஓட்டலில் உட்கார்ந்து ரொட்டி தின்றால், பேய் எப்படித் தின்கிறது என்று நான் ஒரு பலூனில் சமாதானம் எழுத வேண்டும். கடைக்காரன் அவனோடு பேசினால், அந்தக் கடைக்காரனுக்கு மட்டும் பேய் தெரியும் என்று எழுத வேண்டும். கடைசியில் அந்தத் தேசத்தில் எல்லாருக்குமே பேய் தெரியும் என்று ஆகிவிட்டது. நான் வேறு கல்லூரிகளுக்கும் மனுப் போட்டேன். ஒன்றும் தகையவில்லை. வீட்டுக்கு வீடு டி.வி. வந்த பிறகு அந்தத் தொடர் தானாகப் படுத்துவிட்டது. நான் அங்கேயே நிஜமான புரூஃப் ரீடராகி, கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு காலை வேளையில், என் வயதுள்ள ஒருவர் தாடியோடு வந்து கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும் என்றார். போட்டோவைக் கொடுத்தார். கதர் ஜிப்பா, மூக்கின் நுனியில் கண்ணாடி. துறைத் தலைவர்தான். ஓய்வு பெற்றுத் திருவாதவூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருந்தாராம்.

வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பையிலிருந்து இரண்டு சின்னப் புத்தகங்களை எடுத்தார்.

"அப்பாவோட சுவடிப் பெட்டிய ஒதுங்க வச்சோம். அதுக்குள்ள பட்டுத் துணியில இது ரெண்டும் இருந்துச்சு. பின்னால உங்க பிரஸ் பேரு போட்டிருந்துச்சு, அதான் எடுத்தாந்தேன். வீட்ல எங்க யாருக்கும் இதப் பத்தித் தெரியாது. பேரப்புள்ளைகளக்கூடத் தொட விட்டதில்ல போல."

கோட்டுக்காரனின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். படித்துப் படித்து ஓரமெல்லாம் மெத்தென்று ஆகியிருந்தது. மூன்றாம் பாகம் முதல் ஏழு வருடம் நான் எழுதியதில் ஒன்றுகூட அங்கே இல்லை. மூளை உள்ளவன் எவனும் தொட மாட்டான் என்று அந்த மனிதர் முகத்துக்கு நேரே நான் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. வந்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டாம் பாகத்தைப் புரட்டினேன்.

கோட்டுக்காரன் பாழடைந்த மாளிகையின் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான். பம்பாய்த் தாளின் கடைசிக் கட்டம் அது. அதற்குப் பிறகு பழுப்புப் பக்கம் இல்லை. தனியாகத் தைத்திருந்த பதினாறையும், நூல் பிரியாமல், பிளேடால் ஒட்ட நறுக்கி எடுத்திருந்தார். அந்தக் கட்டத்துக்குக் கீழே பென்சிலில் பொடி எழுத்தாக ஒரு வரி இருந்தது.

"இதன்பின் ஏடு கிடைக்கவில்லை."

"அப்பா கையெழுத்துதான்" என்றார் மகன். "என்ன அர்த்தம்னு தெரியல."

புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தேன். இன்றுவரை எத்தனையோ பக்கம் எழுதிவிட்டேன், எல்லாம் அடுத்தவன் எழுதியதைத் தமிழாக்கியது, இல்லையென்றால் அடுத்தவன் படத்துக்குச் சமாதானம் சொன்னது. நானாக யோசித்து நானாக எழுதியது அந்தப் பதினாறு பக்கம் மட்டுந்தான்.